ஜிம்மிக்கு ஏக்கம் என்றார்கள்

போன வாரம் செவ்வாய்க்கிழமை காலை, மாடி போர்ஷன் நிவேதா வந்து கதவைத் தட்டினாள். அழுதழுது கண் இரண்டும் வீங்கியிருந்தது.

"ஆன்ட்டி, கோகோ ரெண்டு நாளா சாப்பிடவே மாட்டேங்குறான். டிப்ரஷன்னு நினைக்கிறேன். அவரை ரொம்ப மிஸ் பண்றான்."

கோகோ அவர்கள் வளர்க்கும் லேப்ரடார். 'அவர்' அவளுடைய கணவர். பேங்க் வேலை. போன மாதம்தான் புனேவுக்கு மாற்றலாகிப் போனார். நாய் சாப்பிடவில்லை என்றதும் நிவேதா வீடியோ கால் போட்டு, போனை அதன் மூஞ்சிக்கு நேரே காட்டியிருக்கிறாள். அவரும் அங்கிருந்தே 'கண்ணா, செல்லம்' என்றெல்லாம் கொஞ்சியிருக்கிறார். கோகோ தலையைத் திருப்பிக்கொண்டு படுத்துவிட்டதாம்.

"பாருங்க ஆன்ட்டி... அவர்மேல எவ்ளோ கோபம் அவனுக்கு!"

நான் கேட்டது ஒரே ஒரு கேள்விதான்.

"யூரின் என்ன கலர்ல போகுது?"

நிவேதா என்னைப் பார்த்தாளே ஒரு பார்வை! ஒருத்தி மனசு உடைந்து வந்து நிற்கிறாள், இந்த அம்மாள் மூத்திரத்தைப் பற்றிக் கேட்கிறாளே என்று நினைத்திருப்பாள். நினைக்கட்டும். நான் மாடிக்கு ஏறிப் போய் கோகோவின் மேல் உதட்டைத் தூக்கிப் பார்த்தேன். ஈறு நல்ல ரோஸ் நிறத்தில் இருக்க வேண்டும். மஞ்சள் பூத்திருந்தது. கண்ணில் வெள்ளையாக இருக்க வேண்டிய இடமும் அப்படியே. பால்கனியில் அது ஒதுங்குகிற மூலையில் டைல்ஸ் மேல் காய்ந்த கறை, டீ டிகாஷனைக் கொட்டி வைத்தது போல.

"ஆட்டோவைக் கூப்பிடு. புனேக்கு அப்புறம் பேசிக்கலாம்" என்றேன்.

டாக்டர் ரத்தம் எடுத்து டெஸ்ட் செய்தார். லெப்டோஸ்பைரோசிஸ். நம் பாஷையில் எலிக்காய்ச்சல். அதற்கு முந்தின வாரம் முழுக்கப் பெய்த மழையில் எங்கள் கார் பார்க்கிங்கில் தண்ணீர் தேங்கி நின்றது. எலிகளுக்கு அங்கே பஞ்சமே இல்லை. கோகோ தினமும் அதில் இறங்கி நக்கி விளையாடிவிட்டுத்தான் மாடிக்கு வரும். வருடாவருடம் போட வேண்டிய தடுப்பூசியையும் இந்த முறை தவறவிட்டிருக்கிறார்கள். ஆறு நாள் டிரிப்ஸ், ஊசி. நேற்று வீட்டுக்கு வந்துவிட்டது. காலையில் என் செருப்பில் ஒன்றைக் காணோம். ஆக, குணமாகிவிட்டது என்று எடுத்துக்கொள்ளலாம்.

"உங்களுக்கு எப்படி ஆன்ட்டி தெரிஞ்சுது?" என்று நிவேதா கேட்டுக்கொண்டே இருக்கிறாள். நான் ஏதேதோ சொல்லிச் சமாளித்தேன். அவளிடம் சொல்லக் கூச்சமாக இருந்தது. உங்களிடம் என்ன கூச்சம்?

எங்கள் பக்கம் இட ஒதுக்கீடு கேட்டுப் போராட்டம் நடந்த வருடம் அது. ரோடெல்லாம் மரத்தை வெட்டிச் சாய்த்துப் போட்டு, பஸ் போக்குவரத்தே நின்றிருந்தது. எனக்குக் கல்யாணமாகி எட்டு மாதம். வடக்கனந்தலில் கரும்பு, கொஞ்சம் நெல் என்று பயிர் வைத்திருந்த குடும்பம். வீட்டில் நான், அவர், என் மாமியார், ஜிம்மி. ஜிம்மி நம்மூர் நாய்தான், செவலை நிறம், ஒரு காது மடங்கியிருக்கும்.

அவரும் மறியலுக்குப் போனார். மரம் வெட்டியவர் இல்லை. வெட்டிப் போட்ட மரத்தின் மேல் உட்கார்ந்திருந்தவர். மறியல் முடிந்ததும் ஊர் ஊராகப் போலீஸ் வேன் வருகிறது, ஆம்பளைகளைத் தேடுகிறார்கள் என்று பேச்சு பரவியது. பாதிப் பேர் கரும்புக் கொல்லைக்குள் ஒளிந்தார்கள். மீதிப் பேர் கல்வராயன் மலைக்கு ஏறிவிட்டார்கள். அவர் மலை ஏறினார்.

கிளம்பின விடியற்காலையில் ஜிம்மி கூடவே ஓடியது. அவர் அதைத் திருப்பி இழுத்துக்கொண்டு வந்து தொழுவத்தில் கட்டினார்.

"இது வந்தா கொலைச்சி காட்டிக் குடுத்துடும். நீ பாத்துக்கோ" என்றார்.

என்னிடம் சொன்ன கடைசி வார்த்தை அதுதான். நாயைப் பார்த்துக்கோ. உன்னைப் பார்த்துக்கோ என்று சொல்லியிருக்கலாம். அவசரம்... என்ன செய்வது?

முதல் நாள் மறியலுக்குப் போட்டுக்கொண்டு போன வெள்ளைச் சட்டையைக் கழற்றி ஆணியில் மாட்டிவிட்டுப் போயிருந்தார். வியர்வை வாசனை, கரும்புச் சோகை வாசனை, கொஞ்சம் டீக்கடை வாசனை. அதை நான் துவைக்கவில்லை. மாமியார் கேட்டபோது "சோப்பு இல்ல அத்தே" என்றேன். சோப்பு இருந்தது.

வெள்ளிமலைக்குப் போகிற பாதையில் ஒரு சின்ன ஊரில் அவருக்குத் தெரிந்த சடையன் இருந்தார். மலையில் விளைகிற சாமையை எங்கள் பக்கம் கொண்டு வந்து விற்கிறவர். அவர் வீட்டில்தான் இவர் தங்கியிருந்தார். பஸ், ஜீப் எதுவும் ஓடாவிட்டாலும் சடையன் ஒற்றையடிப் பாதையில் ஒன்றுவிட்டு ஒருநாள் இறங்கி வருவார். காகிதத்தில் எழுதிக் கொடுத்து யாரிடமாவது மாட்டிக்கொண்டால் வம்பு. அதனால் எல்லாமே வாய்ச் சேதிதான்.

"அண்ணி, அண்ணன் நல்லா இருக்காரு. ஜிம்மி சாப்புடுதான்னு கேட்டாரு."

"வேற?"

"வேற ஒண்ணும் சொல்லலயே அண்ணி."

பக்கத்தில் மாமியார். எதிரே சடையன். எட்டு மாதக் கல்யாணத்துக்காரி என்ன சொல்லி அனுப்ப முடியும்? 'எனக்கு உங்க ஞாபகமாவே இருக்கு' என்று இன்னொரு ஆம்பளை வாயில் கொடுத்தனுப்ப முடியுமா?

அப்போதுதான் ஜிம்மி சாப்பாட்டை நிறுத்தியது.

அவர் போன மூன்றாம் நாள். சோற்றை மோந்து பார்த்துவிட்டுத் திரும்பிப் போய் வாசல் படியோரம் படுத்துக்கொண்டது. கண்ணிலிருந்து தண்ணீர் வடிந்தது. தொட்டால் உடம்பு அனலாக இருந்தது. "வெயில்ல கெடந்தா சுடாம இன்னா செய்யும்?" என்றார் மாமியார். எழுந்து நடந்தால் பின்னங்கால் விறைத்துக்கொண்டது. "படுத்தே கெடந்தா கால் அப்டித்தான் ஆவும்." ஒவ்வொன்றுக்கும் எங்களிடம் ஒரு காரணம் இருந்தது. தெருவில் போகிறவர்கள் எல்லாரும் ஒரே முடிவாகச் சொன்னார்கள்.

"எசமான் ஏக்கம். நாய்க்கு இருக்கற பாசம் மனுசனுக்கு இருக்குதா?"

சடையன் அடுத்த முறை வந்தபோது நான் சொன்னேன். "ஜிம்மி சோறு திங்கல. வாசலயே பாத்துக்கினு கெடக்குது. அதுக்கு அவரு ஞாபகமாவே இருக்குதுன்னு சொல்லு."

மறுநாளுக்கு மறுநாள் பதில் வந்தது. சடையன் சிரித்துக்கொண்டே சொன்னார். "சீக்கிரம் வந்துடுவேன், அழுவாம இருக்கச் சொல்லுன்னாரு அண்ணி... ஜிம்மிய."

எனக்குப் புரிந்தது. அவருக்கும் புரிந்துதான் சொன்னாரா? தெரியாது. ஆனால் அன்று நான் மாட்டைக்கூடப் பாடிக்கொண்டேதான் கறந்தேன்.

இதைச் சொல்லத்தான் எனக்கு இத்தனை வருடம் கூச்சம். ஜிம்மி சாப்பிடாமல் கிடந்தது எனக்கு உள்ளுக்குள் சௌகரியமாக இருந்தது. அது கிடக்கிற வரைக்கும் எனக்குச் சொல்லி அனுப்ப ஒரு வார்த்தை இருந்தது. சாப்பிடத் தொடங்கிவிட்டால் நான் எதைச் சொல்லி அனுப்புவேன்? வாயில்லாத ஜீவன் காய்ச்சலில் கொதித்துக்கொண்டிருக்க, நான் அதன் பேரில் காதல் கடிதம் எழுதிக்கொண்டிருந்தேன்.

ஐந்தாம் நாள் வாந்தி எடுத்தது. அதுவரைக்கும் குடம் குடமாகக் குடித்த தண்ணீரும் மறுநாளிலிருந்து குறைந்துவிட்டது. எட்டாம் நாள் மாமியாருக்கே கவலை வந்துவிட்டது. எங்கள் பக்கத்தில் ஒரு வழக்கம் உண்டு. வெளியூர் போன அப்பாவை நினைத்துக் குழந்தைக்கு ஏக்கம் பிடித்துவிட்டால், அவர் கட்டிக் கழற்றிய வேட்டியை எடுத்து அதன் மேல் போர்த்துவார்கள். வாசனைக்குத் தெளிந்துவிடும் என்று நம்பிக்கை.

"அவன் சட்டைய எடுத்தாந்து நாய்க்குக் கீழ போடு. மோந்துக்கினு கெடந்தா தெளிஞ்சிடும்" என்றார் மாமியார்.

எந்தச் சட்டை? அந்த வெள்ளைச் சட்டைதான். மற்றதெல்லாம் துவைத்து மடித்து வைத்தது.

கொடுக்க மனசே வரவில்லை. உள்ளதைச் சொல்கிறேன், நாயின் மேல் பொறாமையாக இருந்தது. ஆனாலும் கொண்டுபோய் விரித்தேன். ஜிம்மி அதன் மேல் முகத்தை வைத்துப் படுத்தது. மதியம் மாமியார் அசந்திருந்த நேரம் பார்த்து நான் அதை உருவி எடுத்து முகத்தில் வைத்துக்கொண்டேன். அப்புறம் மறுபடி கொண்டுபோய் அதற்குக் கீழே போட்டேன். ஒரு சட்டைக்கு இரண்டு பேர்.

மறுநாள் காலையில் பார்த்தால் சட்டையின் நடுவில் கை அகலத்துக்குக் கறை. பழுப்பும் கறுப்புமாக, கடுங்காப்பி சிந்தியது போல. முதலில் எனக்குக் கோபம்தான் வந்தது. எங்கேயோ வெல்ல ஆலைச் சேற்றில் புரண்டுவிட்டு வந்திருக்கிறது என்று திட்டினேன். திட்டிக்கொண்டிருக்கும்போதே அது தள்ளாடி எழுந்து, இரண்டடி போய், முக்கி முக்கிச் சொட்டுச் சொட்டாக விட்டது. அதே நிறம்.

ஏக்கத்தில் கண்ணீர் வரும், சோறு இறங்காது, எழுந்திருக்கவே பிடிக்காது. எனக்குத் தெரியாத ஏக்கமா? ஆனால் ஏக்கத்தில் மூத்திரம் கறுக்குமா? எனக்குக் கறுக்கவில்லையே!

சைக்கிள் கேரியரில் பெரிய கூடையை வைத்துக் கட்டினேன். அதற்குள் ஜிம்மி, மடித்த சட்டை. கள்ளக்குறிச்சி மாட்டாஸ்பத்திரிக்குக் கிளம்பினேன். "புருசன் மலைல, பொண்டாட்டி நாய்க்கு வைத்தியம் பாக்கப் போறா! ஊரு சிரிக்கும்டி" என்றார் மாமியார். சொல்லிவிட்டு, கூடைக்குள் பழைய சாக்கு ஒன்றை மடித்து வைத்ததும் அவர்தான்.

கச்சிராயபாளையம் தாண்டியும் ரோட்டில் மரங்கள் கிடந்தன. பாதி ஒதுக்கியிருந்தார்கள், பாதி அப்படியே கிடந்தது. ஒவ்வொரு மரத்திலும் நாயை இறக்கி, சைக்கிளைத் தூக்கி அந்தப் பக்கம் போட்டு, மறுபடி நாயைத் தூக்கி வைக்க வேண்டும். ஒரு இடத்தில் ரோட்டோரம் ஒரு போலீஸ்காரர் நின்றிருந்தார்.

"எந்த ஊரும்மா? வூட்டுக்காரர் எங்க?"

வாய் முந்திக்கொண்டது. "தெரியலைங்க சார். தெரிஞ்சிருந்தா இந்த நாய அவரு தலைல கட்டிட்டு நான் வூட்ல நிம்மதியா இருக்க மாட்டனா?"

அவர் கூடைக்குள் எட்டிப் பார்த்தார். ஜிம்மி தலையைக்கூடத் தூக்கவில்லை. லத்தியைக் கக்கத்தில் இடுக்கிக்கொண்டு, சைக்கிளின் ஒரு பக்கத்தைப் பிடித்து மரத்தைத் தாண்டி வைத்தார். "சீக்கிரம் போம்மா. எங்க வூட்லயும் ஒண்ணு இருக்குது" என்றார்.

மதியம் ஆஸ்பத்திரி போய்ச் சேர்ந்தேன். டாக்டர் சின்ன வயசுக்காரர். பேனாவை எடுத்துக்கொண்டு கேட்டார்.

"எத்தனை நாளா சாப்பிடல?"

"அவரு போன மூணாம் நாள்லேர்ந்துங்க சார்."

"வாந்தி?"

"அவரு போயி அஞ்சாம் நாள்."

"தண்ணி குடிக்குதா?"

"மொதல்ல ஜாஸ்தியா குடிச்சிதுங்க. இப்ப கம்மி. அவரு போயி ஆறாம் நாள்லேர்ந்து..."

டாக்டர் பேனாவைக் கீழே வைத்துவிட்டார். "ஏம்மா, நான் நாயைப் பத்திக் கேக்கறேன். நீங்க யாரோ ஒருத்தரைப் பத்தியே சொல்லிக்கினு இருக்கீங்களே!"

பக்கத்தில் நின்ற கம்பவுண்டர் சிரித்துவிட்டார். நான் தலையைக் குனிந்துகொண்டேன்.

டாக்டர் ஜிம்மியின் உதட்டைத் தூக்கிக் காட்டினார். ஈறெல்லாம் மஞ்சள். கண்ணை விரித்தார், அதுவும் மஞ்சள். அடிவயிற்றில் முடியை ஒதுக்கினார், தோலும் மஞ்சள். வாசலில் ஒரு வாரமாக என் கண் முன்னால் கிடந்த நாய்! பிறகு இடுப்புக்கு மேலே இரண்டு பக்கமும் விரலால் லேசாக அழுத்தினார். ஜிம்மி முதுகை வளைத்துக்கொண்டு முனகியது.

"எலி புடிக்குமா?"

"எங்க ஊர்லயே இதான் சார் ஃபர்ஸ்ட்" என்றேன். எனக்கு அந்த நேரத்திலும் பெருமை.

"அதான். எலி மூத்திரத்துல இருக்கற கிருமி. கரும்புக் கொல்லையில தேங்கின தண்ணியில கலந்திருக்கும். குடிச்சாலும் வரும், கால்ல சின்னப் புண்ணு இருந்தா அது வழியாவும் ஏறும். ஈரலப் புடிச்சா மஞ்சள், கிட்னியப் புடிச்சா மூத்திரம் கறுக்கும். இதுக்கு ரெண்டும் ஆயிருக்கும் போலருக்குது. ரத்தத்த மெட்ராஸுக்கு அனுப்பி ரிசல்ட் வாங்கறதுக்குள்ள நாய் இருக்காது. சந்தேகத்தை வெச்சே வைத்தியம் ஆரம்பிக்கிறேன். மூத்திரம் எந்தக் கலர்ல போவுது?"

கூடையிலிருந்து சட்டையை எடுத்து விரித்துக் காட்டினேன்.

அவர் நாற்காலியைத் தள்ளிக்கொண்டு எழுந்தார். "கீழ போடும்மா அத! வெறுங்கையில புடிச்சிக்கினு... இது மனுசனுக்கும் வரும். போயி முழங்கை வரைக்கும் சோப்புப் போட்டுக் கழுவுங்க. மூஞ்சில கீஞ்சில பட்டுதா?"

முகத்தில் வைத்துக்கொண்டு அழுதேன் என்றா சொல்ல முடியும்?

"பட்டுதுங்க" என்றேன். ஏன் என்று அவர் கேட்கவில்லை. நல்ல மனிதர். அடுத்த ஒரு மாதத்துக்குள் காய்ச்சலோ, கெண்டைக்காலில் கடுமையான வலியோ, கண் சிவப்போ வந்தால் ஒரு நாள்கூடத் தள்ளாமல் பெரியாஸ்பத்திரிக்குப் போய், வீட்டில் நாய்க்கு எலிக்காய்ச்சல் இருந்தது என்று முதலிலேயே சொல்லிவிட வேண்டும் என்று இரண்டு தடவை சொன்னார்.

ஜிம்மிக்கு நரம்பில் குளுக்கோஸும் சலைனும் ஏற்றினார்கள். பெனிசிலினும் ஸ்ட்ரெப்டோமைசினும் சேர்ந்த ஊசி. கம்பவுண்டர் கச்சிராயபாளையத்துக்காரர். தினமும் வேலை முடிந்து சைக்கிளில் திரும்பும்போது எங்கள் ஊருக்கு வந்து ஊசி போடுவதாக ஒப்புக்கொண்டார். மாடு, தண்ணீர்த் தொட்டி எதன் பக்கமும் விடாமல் தனியாகக் கட்ட வேண்டும். அது ஒதுங்குகிற இடத்தில் ப்ளீச்சிங் பவுடர் போட வேண்டும். குணமானாலும் கொஞ்ச நாளைக்கு மூத்திரத்தில் கிருமி போய்க்கொண்டே இருக்குமாம். நமக்கு வாங்கி வைத்திருக்கிற காய்ச்சல் மாத்திரையை நாய்க்குக் கொடுத்துவிடக் கூடாது, அதுவே அதைக் கொன்றுவிடும் என்றும் சொன்னார். நாய் வளர்க்கிறவர்கள் இதைப் பால் கணக்கு எழுதுகிற காலண்டரிலாவது குறித்து வைத்துக்கொள்ளுங்கள்.

"அந்தச் சட்டைய எரிச்சிடும்மா" என்றார் கிளம்பும்போது. என் முகத்தைப் பார்த்திருக்க வேண்டும். "மனசு வரலன்னா ப்ளீச்சிங் பவுடர் தண்ணியில ஊற வெச்சி, கொதிக்கப் போட்டு, நல்ல வெயில்ல காய வைங்க."

வீட்டுக்கு வந்து அப்படியே செய்தேன். பழைய ஈயச்சட்டியில் சட்டை கொதித்துக்கொண்டிருந்தது. நான் குச்சியால் புரட்டிக்கொண்டே அழுதேன்.

"ஊசி போட்டாச்சில்ல? பொழைச்சிக்கும். நாய்க்குப் போயி இப்டியா அழுவாங்க?" என்றார் மாமியார்.

அவர் அப்படியே நினைத்துக்கொள்ளட்டும் என்று விட்டுவிட்டேன். காய்ந்த சட்டை மொடமொடவென்று புதுச் சட்டை போல இருந்தது. மோந்து பார்த்தேன். ப்ளீச்சிங் பவுடர் வாசனை மட்டும்தான். உலகத்தில் இனி எங்கே போய்த் தேடினாலும் அந்த வாசனை கிடைக்காது, அந்த மனுஷனே இறங்கி வந்தால்தான் உண்டு.

முதல் இரண்டு நாள் ஜிம்மி போய்விடும் என்றுதான் நினைத்தேன். ஈ மொய்த்தால்கூட காதை ஆட்டவில்லை. நான் கடவுளிடம் கேட்டதெல்லாம் ஒன்றுதான். என் சேதிக்காக ஒரு வாரம் இதைக் கிடத்தி வைத்துவிட்டேன், அதற்கான தண்டனையை அதற்குக் கொடுக்காதே. நாலாம் நாள் காலையில் கஞ்சித் தண்ணீரை நாலு வாய் நக்கியது. ஆறாம் நாள் மூத்திரம் தெளிந்தது. மூத்திரத்தைப் பார்த்துச் சந்தோஷத்தில் மாமியாரைக் கூவிக் கூப்பிட்ட மருமகள் அந்த ஊரில் நான் ஒருத்தியாகத்தான் இருப்பேன்.

சடையன் வந்தார். "அண்ணன் ஜிம்மியவே கேட்டுக்கினு இருக்காரு. இன்னா சொல்லட்டும் அண்ணி?"

"ஏக்கம்லாம் இல்லியாம். எலிக்காய்ச்சலாம். இப்ப சாப்புடுதுன்னு சொல்லு."

"வேற?"

எவ்வளவோ இருந்தது. மாமியார் அரிசி புடைத்துக்கொண்டிருந்தார். இனி அந்த நாயின் பேரில் எதையும் அனுப்ப முடியாது.

"வேற ஒண்ணும் இல்ல" என்றேன்.

அதற்குப் பிறகு வந்த சேதிகளிலும் 'வேற' ஒன்றும் இல்லை. நல்லா இருக்கேன், நல்லா இருக்கோம். அவ்வளவுதான். அந்த நாட்களில்தான் எனக்கு நிஜமாகவே சோறு இறங்கவில்லை. தட்டில் போட்டுக்கொண்டு, பிசைந்து, மாட்டுக் கழுநீரில் கொட்டுவேன். ஒருத்தர் கண்ணிலும் அது படவில்லை. நாய்க்கென்றால் நாட்டு வைத்தியத்திலிருந்து மாட்டாஸ்பத்திரி வைத்தியம் வரைக்கும் சொல்ல ஊரே இருந்தது.

ஊர் அடங்கி, பஸ் ஓட ஆரம்பித்து, அதற்கும் பிறகு ஒரு நாள் மத்தியானம் அவர் வந்தார். தாடியும் மீசையுமாக, சடையனின் சட்டையைப் போட்டுக்கொண்டு. ஜிம்மி ஓடிப்போய் மேலே விழுந்து நக்கியது. எல்லாம் ஒரு நிமிஷம்தான். வைக்கோல் போரில் ஏதோ சரசரத்தது. அவரை விட்டுவிட்டு எலிக்குப் பாய்ந்துவிட்டது.

அவர் சிரித்துக்கொண்டே கால் கழுவினார். நான் சொம்பில் தண்ணீர் கொடுத்தேன். வாங்கினவர் குடிக்காமல் என்னைப் பார்த்தார்.

"இன்னா நீ... பாதியா எளைச்சிப் போய்ட்ட?"

அத்தனை நாள் சொல்லி அனுப்ப முடியாததையெல்லாம் நேரிலேயே கேட்கிறார். மாமியார்கூட அப்போது பக்கத்தில் இல்லை.

"நாய்க்கு ஒடம்பு சரியில்லன்னு அலைஞ்சேன் இல்ல... அதாங்க" என்றேன்.

நம்பிவிட்டார்! "ஆமாமா, அலைச்சல் ஜாஸ்திதான்" என்று சொல்லிவிட்டுத் தண்ணீரைக் குடித்தார்.

அவர் போய்ச் சேர்ந்து ஆறு வருடமாகிறது. அந்த ஒரு கோபம் மட்டும் எனக்கு இன்னும் தீரவில்லை.